பிரான்சின் லாந்து பைன் காட்டில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகப் பொர்தோ நகரத்துக்கு வந்த முதல் வருஷமே இந்தக் காட்டுப் பாதையில் சைக்கிளை இறக்கிவிட்டேன். அதிலிருந்து வருஷம் தவறியதில்லை. பாரிஸ் நண்பர்களும் ஊரிலிருந்து வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

எந்தப் பாதையைச் சொல்கிறீர்கள்?

பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஜிரோந்து ஆறு கடலில் கலக்கும் லெ வெர்தோன் முனையிலிருந்து தெற்கே பயோன் நகரம் வரை கடற்கரை கோடு போட்டதுபோல நேராக இறங்குகிறது. ஒரு பக்கம் அட்லாந்திக், அடுத்து மணல்மேடு, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பைன் மரங்கள்; இதுதான் லாந்து காடு. அந்த மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே போட்ட பாதை ஓடுகிறது. பிரிட்டனி கரையின் ரொஸ்கோஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையான ஆந்தாய் வரை 1,200 கி.மீ.க்கு மேல் நீளும் 'வெலொடிசே' என்ற நெடும்பாதையின் தென்பகுதி இது. ஐரோப்பிய சைக்கிள் வழித்தடங்களில் இதற்கு யூரோவெலோ 1 என்று பெயர். வழி நெடுகப் பலகை உண்டு. கைபேசி வரைபடத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்காது.

லெ வெர்தோன் முனையிலிருந்து பயோன் வரையிலான பகுதியைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். இடையில் வரும் ஆர்க்கஷோன் வளைகுடாவைச் சுற்றிப் போனால் ஒரு தூரம், படகில் கடந்தால் வேறு. எப்படிப் போனாலும் 300 கி.மீ.க்கு மேல், 400-க்குள்.

நம் ஊர்ச் சவுக்குத் தோப்பு மாதிரிதானே இருக்கும்?

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் சவுக்குக்குள் காற்று புகும்போது கேட்கும் அந்த நீண்ட இரைச்சல் இங்கேயும் உண்டு. முதல் நாள் அதைக் கேட்டுச் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். ஆனால் சவுக்கு, பைன் இனம் அல்ல. சவுக்கில் இலை என்று நாம் நினைப்பது கணுக்கணுவாக இருக்கும் மெல்லிய கிளைகள். பைனில் இருப்பதுதான் உண்மையான ஊசியிலை. மணமும் வேறு: வெயில் ஏற ஏறப் பிசின் மணம் தொண்டை வரை இறங்கும். ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்று. பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்த மனிதர் கையால் நட்ட மரங்கள் இங்கேயும் இருக்கின்றன, நம் கரையிலும் இருக்கின்றன.

நட்டதா? இவ்வளவு பெரிய காடு இயற்கையானது இல்லையா?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் தெரிந்துகொண்டு ஓட்டினால் அதே பாதை வேறு மாதிரி தெரியும்.

ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு பெரும்பாலும் மனிதர் வளர்த்தது. மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நடவுக் காடு இதுதான். 200 வருஷத்துக்கு முன் இங்கே வந்திருந்தால் மரமில்லாத புதர்வெளியைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அது முழுக்கச் சதுப்பு. மணலுக்குக் கொஞ்சம் கீழே இரும்புச்சத்து சேர்ந்து இறுகிய ஓர் அடுக்கு இருக்கிறது; தண்ணீரை அது கீழே விடாது. ஆடு மேய்ப்பவர்கள் மரக்கால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். சேற்றில் கால் புதையாது, தூரத்து மந்தையும் தெரியும். நின்ற இடத்தில் ஓய்வெடுக்க முதுகுக்கு ஒரு நீண்ட கோலை முட்டுக் கொடுத்துக்கொள்வார்கள். அப்படியே நின்றபடி கம்பளி பின்னுவார்கள். கடலோரத்திலோ மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடிக்கொண்டிருந்தன.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெமோந்தியே என்ற பொறியாளர் கரையோர மணலில் பைன் விதைத்து மேடுகளை நிறுத்தும் வேலையைப் பெரிய அளவில் நடத்தினார். அவருக்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் சிலர் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். பெயர் என்னவோ அவருக்குத்தான் நின்றது. பிறகு ஷாம்ப்ரலான் என்ற பொறியாளர், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் உட்பகுதிச் சதுப்பிலும் மரம் வளரும் என்று நட்டுக் காட்டினார். 1857 ஜூன் 19-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது: கிராமங்கள் தங்கள் பொது நிலத்தில் வடிகால் வெட்டி மரம் நட வேண்டும். செலவுக்குப் பணமில்லாத கிராமங்கள் நிலத்தை விற்றன. வாங்கியவர்கள் கையில் பணம் இருந்தது. மேய்ச்சல் நிலம் போனதோடு மேய்ப்பர்களின் வாழ்வும் போனது. கோபத்தில் இளம் பைன்களுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. அரை நூற்றாண்டுக்குள் புதர்வெளி காடாகிவிட்டது.

பாதையோரம் வாய்க்கால்கள் நேர்கோட்டில் ஓடுவதும், மரங்கள் வரிசையில் நிற்பதும், திடீரென்று மொட்டையாக வெட்டிய ஒரு பெரிய வெளி வருவதும் இதனால்தான். மரத்தை 40, 50 வருஷம் வளர்த்து வெட்டி, மறுபடி நடுகிறார்கள். வெட்டிய இடத்தைப் பார்த்துக் காடழிப்பு என்று பதற வேண்டாம். மேய்ப்பர்களின் கதை மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதைப் பார்க்க விரும்பினால் பாதையிலிருந்து விலகி, உள்ளே சாப்ரு என்ற ஊருக்குப் போங்கள். அங்கிருந்து பழைய சிறு ரயிலில் மார்க்கேஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய பண்ணை வீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சில மரங்களில் நீளமான வெட்டுத் தழும்பு இருக்கிறதே, ஏன்?

பிசின் எடுத்த தழும்பு. பட்டையைச் சீவிவிட்டு, அடியில் சின்ன மண்கலயம் மாட்டுவார்கள். பிசின் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும். காய்ச்சி வடித்தால் டர்பன்டைனும், எஞ்சும் கெட்டிப் பிசினான ரோசினும் கிடைக்கும். பனையேறியும் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளியும் செய்வதுபோல, குறித்த நாள் இடைவெளியில் அதே மரத்துக்குத் திரும்பிவந்து புதுச் சீவல் போட வேண்டும். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பிசின் வரத்து நின்றபோது லாந்துப் பிசினுக்கு விலை எங்கேயோ போனது. தொழில் 1990 வாக்கில் ஓய்ந்துவிட்டது. தழும்புள்ள மரம் எதிர்ப்பட்டால் வயசான மரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ரோடு பைக் போதுமா? கரடுமுரடான பாதைக்கான தடித்த டயர் கிராவல் பைக் தேவையா?

ரோடு பைக் போதும், டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால். 32 இருந்தால் இன்னும் நிம்மதி. பாதை பெரும்பாலும் தார். ஆனால் இது பந்தயச் சாலை இல்லை. பைன் வேர்கள் தாரை அடியிலிருந்து தூக்கி, குறுக்கே வரப்பு மாதிரி மேடு போட்டிருக்கும். காற்றை ரொம்ப இறுக்கி அடித்தால் கையும் இடுப்பும் நொந்துபோகும்.

வேரைவிட மோசம் மணல். கடற்கரைக்குப் போகும் குறுக்குவழிகள் அருகே பாதை மேல் மெல்லிய மணல் படிந்திருக்கும். லக்கனோவுக்குத் தெற்கே ஒரு வளைவில் அப்படிப் படிந்த மணலில் பிரேக் பிடித்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். மணல் கண்ணில் பட்டால் முன்பே வேகத்தைக் குறையுங்கள். மணல் மேல் ஏறியபின் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், மெதுவாகப் பெடல் மிதித்தபடி கடந்துவிடுங்கள். மழை பெய்த காலையில் உதிர்ந்த ஊசியிலையும் இதே வேலையைச் செய்யும்.

உபரி டியூப் இரண்டு, பம்பு, டயர் நெம்பி கட்டாயம். கடைசிக் கடையிலிருந்து அடுத்த கடைக்கு 25, 30 கி.மீ. இருக்கும் இடங்கள் உண்டு.

வடபகுதியில் குறுகலான கான்கிரீட் பாதை வருகிறதே?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் போட்டது. பிரான்சை ஆக்கிரமித்திருந்தபோது கரை நெடுக 'அட்லாந்திக் சுவர்' என்ற காவல் அரணைக் கட்டினார்கள். அதன் காவல்நிலைகளுக்குப் போய்வர மணல்காட்டுக்குள் கான்கிரீட் தடம் போட்டார்கள். அவற்றில் சில இன்று சைக்கிள் பாதை. உர்த்தான், கர்க்கான் பக்கம் ஓட்டும்போது கான்கிரீட் பலகைகளின் மூட்டுகளில் சக்கரம் தடக், தடக் என்று சீராக அடிக்கும். பழைய மணல்மேடுகளின் மேல் ஏறி இறங்குவதால் தட்டையான நாட்டில் எதிர்பாராத ஏற்றமும் வரும். ஏற்றம் சின்னதுதான், ஆனால் செங்குத்து. எதிரே வருபவருக்கு வழிவிட இடம் மிகக் குறைவு. இறக்கத்தில் கை எப்போதும் பிரேக்கில் இருக்கட்டும். கரைக்கு இறங்கினால் மணலில் சரிந்து கிடக்கும் பதுங்கறைகளையும் பார்க்கலாம்.

எந்த மாதம், எந்தத் திசை?

மே கடைசி, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட்டில் பிரான்சே விடுமுறையில் இருக்கும். பாதை முழுக்கக் குடும்பங்கள், தங்க இடம் கிடைக்காது, தீ அபாயமும் அப்போதுதான். மார்ச், ஏப்ரலில் பைன் மகரந்தம் மஞ்சள் மஞ்சளாகக் காற்றில் பறந்து சைக்கிள் செயின்வரை அப்பிக்கொள்ளும். தும்மல் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

வடக்கிலிருந்து தெற்கே போங்கள். கோடையில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும், பிற்பகலில் வலுக்கும். மரங்கள் நன்றாக மறைத்தாலும், வெட்டிய வெளிகளில் எதிர்காற்றில் சிக்கினால் தெரியும்.

நாலைந்து நாள் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் லெ வெர்தோனிலிருந்து சுலாக், மோந்தாலிவே வழியாக லக்கனோ கடற்கரை. வழியில் உர்த்தான் ஏரி வரும். பிரான்சுக்குள் முழுதாக அடங்கிய ஏரிகளில் மிகப் பெரியது. இந்தக் கரையில் ஏன் இத்தனை ஏரி என்றால், கடலுக்குப் போக வேண்டிய ஓடைகளை மணல்மேடுகள் மறித்துவிட்டன. தண்ணீர் காட்டுப் பக்கம் தேங்கி ஏரியானது. கடல் சீறிக்கொண்டிருக்கும்போது நாலு கி.மீ. உள்ளே ஏரி அசையாமல் கிடக்கும்.

இரண்டாம் நாள் லக்கனோவிலிருந்து காப் ஃபெரே. வளைகுடாவின் வாயில் நாக்கு மாதிரி நீளும் மணல் முனை. சிப்பி வளர்ப்பவர்களின் மரக்குடில்களுக்கு இடையே ஓட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வந்து, சைக்கிளோடு படகேறி ஆர்க்கஷோனில் இறங்குங்கள். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். வளைகுடாவைச் சுற்றிப் போகும் பாதையும் நல்லதுதான், ஆனால் ஊர்களுக்குள்ளேயே போகிறது. எனக்குப் படகுதான் பிடிக்கும்.

மூன்றாம் நாளை அவசரப்படுத்தாதீர்கள். ஆர்க்கஷோனிலிருந்து கொஞ்ச தூரத்தில் பிலா மணல்மேடு. ஐரோப்பாவிலேயே மிக உயரமானது, 100 மீட்டருக்கு மேல், நீளம் 2.7 கி.மீ. அளவில். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே ஏறுங்கள். மேற்கே கடல், கிழக்கே காடு. மேடு வருஷத்துக்குச் சில மீட்டர் காட்டுக்குள் நகர்கிறது. கிழக்குச் சரிவின் அடியில் மரங்கள் இடுப்பளவு மணலில் புதைந்து நிற்பதைப் பார்க்கலாம். பிரெமோந்தியே காலத்து மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். பிறகு பிஸ்கரோஸ் வரை காட்டு வழி.

நான்காம் நாள் பிஸ்கரோஸிலிருந்து மிமிசான். இங்கே கடலோரமாகப் போக முடியாது. ஏவுகணைச் சோதனைக்கான ராணுவ நிலம் கரையை அடைத்துக்கொண்டிருப்பதால், பாதை உள்ளே திரும்பி ஏரிகளைச் சுற்றுகிறது. ஐந்தாம் நாள் மிமிசானிலிருந்து தெற்கே. கோந்திஸ் கலங்கரை விளக்கம், லெயோன் ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் உய்ஷே ஓடை, வியூ புகோ, ஒஸ்கோர், பயோன். ஒரே நாளில் இது நீளம். ஓட்டிப் பழகாதவர்கள் இரண்டாகப் பிரிக்கவும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

காலை ரயிலில் பொர்தோவிலிருந்து ஆர்க்கஷோன், சுமார் 50 நிமிஷம். பிலா மேட்டைப் பார்த்துவிட்டு பிஸ்கரோஸ் கடற்கரை வரை ஓட்டி, அதே வழியில் திரும்பி மாலை ரயில். ரயிலே வேண்டாம் என்றால் பொர்தோவிலிருந்து லக்கனோவுக்குப் பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை உண்டு. நேராக, தட்டையாக, கொஞ்சம் சலிப்பாகவே போய்க் கடலில் முடியும்.

வேகமாக ஓட்டுபவன் நான். சைக்கிள் பாதையை விட்டுச் சாலையில் போகலாமா?

நீல வட்டப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில் போவது கட்டாயம். நீலச் சதுரமாக இருந்தால் உங்கள் விருப்பம். வேகம் வேண்டுமென்றால் அதிகாலையில் உட்பகுதி மாவட்டச் சாலைகளுக்குப் போங்கள். பத்து கி.மீ. திரும்பாமல் ஓடும் சாலைகள் உண்டு. மரம் ஏற்றிய லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடியுங்கள். ஊருக்கு வெளியே வண்டிகள் உங்களைக் கடக்கும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம்.

குழந்தைகள் தத்தித் தத்தி ஓட்டும் பாதையில் 35 கி.மீ. வேகத்தில் பாய்வது தவறு, சட்டம் எதுவும் தடுக்காவிட்டாலும்.

நம் ஊரில் ஓட்டியவர்கள் மறக்கக் கூடாதவை: இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் வழி. காதில் இயர்போன் வைத்து ஓட்டினால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். இரவிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே போனால் பளிச்சிடும் மேற்சட்டை போட வேண்டும். சைக்கிள் பாதை காட்டுச் சாலையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் பெரும்பாலும் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். நடுவில் கட்டை நட்டிருப்பார்கள். பேசிக்கொண்டு போகும்போது அதில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர், சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

இரண்டு பாட்டில் தண்ணீர் வையுங்கள். தீர்ந்துவிட்டால் கிராமத்து இடுகாட்டைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். பிரான்சில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. 'குடிநீர் அல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இது வாத்துக்கறி, சிப்பி நாடு. சைவத்துக்கு ரொட்டிக் கடைதான் துணை: நீள ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி. பொர்தோவுக்கே உரிய கனெலே என்ற சின்னக் கேக், ரம்மும் வனிலாவும் கலந்தது. சைக்கிள் ஓட்டும் வயிற்றுக்கு நல்ல தெம்பு. முட்டையும் ரம்மும் ஆகாதவர்கள் தவிர்க்கவும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவேன். மதியம் வரை தாங்கும்.

காட்டுத் தீ பற்றிப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பிசின் நிறைந்த மரம், ஒரே இனம், அடுத்தடுத்து வரிசை: பிடித்தால் நிற்காது. 1949 ஆகஸ்டில் பொர்தோவுக்குத் தெற்கே மூண்ட தீயில் 82 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் தீத்தடுப்புச் சாலைகளும் கண்காணிப்பும் ஒழுங்காக வந்தன. அப்படியும் 2022 ஜூலையில் லா தெஸ்த், லாந்திராஸ் என்ற இரண்டு இடங்களில் ஒரே நாளில் தீப்பிடித்து, இரண்டு வாரத்துக்குள் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. பிலா மேட்டின் அடியில் இருந்த ஐந்து முகாம்களும் அதில் சிக்கின. ஆட்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் உயிர் தப்பினார்கள்.

லா தெஸ்தில் எரிந்தது மற்றக் காடு மாதிரி அல்ல. 19-ஆம் நூற்றாண்டு நடவுக்கு வெகு காலம் முன்பிருந்தே இருந்த பழங்காடு. வீடு கட்டவும் அடுப்பெரிக்கவும் அங்கே மரம் எடுத்துக்கொள்ளும் உரிமையை உள்ளூர் மக்கள் 1468-ஆம் ஆண்டு ஆவணத்திலிருந்து வைத்திருந்தார்கள். அந்த மரங்களுக்குக் கீழே முன்பு ஓட்டியவன் என்பதால், தீக்குப் பின் முதல் முறை அந்தச் சாலையில் போனபோது பேச்சு வரவில்லை. நிழல் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

கோடையில் கிளம்பும் முன் காலையில் மாவட்ட நிர்வாகத்தின் தீ எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். அபாயம் கூடிய நாட்களில் காட்டுக்குள் நுழையவே தடை இருக்கும். சில பாதைகளும் மூடப்படும். தடையை மீறாதீர்கள். காட்டில் சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. புகை கண்டால் 112-ஐ அழைத்துவிட்டு, காற்றுக்குக் குறுக்காகத் தார்ச்சாலையை நோக்கி நகருங்கள்.

பூச்சி, பாம்பு, வேறு ஆபத்து?

பாம்பைவிடக் கம்பளிப்பூச்சிக்குப் பயப்படுங்கள். குளிர்காலக் கடைசியில் பைன் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும். பார்க்க அழகு, ஆனால் அவற்றின் ரோமம் தோலில் பட்டால் தடிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவமனை. மரத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கூடு தொங்கினால் அதற்குக் கீழே உட்கார வேண்டாம். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் மாலையில் உண்ணி இருக்கிறதா என்று கால்களைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் காட்டுப்புறா வேட்டைக் காலம். நிறம் தெரியும் சட்டை போடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

மீட்புக் காவலர் கொடி நட்ட இடத்தில் மட்டும். கரையோரம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும் பள்ளங்களை இங்கே 'பைன்' என்பார்கள். மரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அலை உள்ளே கொண்டுவந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு ஏரிதான் சரி.

சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?

வட்டார ரயில்களில் இடமிருந்தால் ஏற்றலாம். கோடை வார இறுதியில் இடம் கிடைப்பது கடினம். லெ வெர்தோனுக்கும் ரயில் உண்டு, ஆனால் சேவை குறைவு. வடக்கே ருவாயானிலிருந்து வருபவர்கள் ஆற்றுமுகத்தைப் படகில் கடந்து நேராக லெ வெர்தோனில் இறங்கலாம். முடிக்கும் இடத்தில் பயோனிலிருந்து பொர்தோவுக்கும் பாரிஸுக்கும் ரயில் இருக்கிறது. அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், அல்லது கழற்றிப் பையில் போட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கர்க்கானிலிருந்து லக்கனோ வரை ஏரிப் பக்கமாகப் போகும் பாதையில் தொடங்குங்கள். நிழல் உண்டு, வண்டி கிடையாது. ஒரு நாளைக்கு 20 கி.மீ. போதும். பைன் காய் பொறுக்க நேரம் ஒதுக்குங்கள், அதற்காக ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.